மொரிஸ் மைனரின் இரண்டு பியூஸ்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்கள், வைத்திருந்த வாப்பாமாரின் பிள்ளைகள், கல்யாணத்துக்குப் பழைய கார் ஒன்றை வாடகைக்கு எடுக்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்தாவது ஆறுதலாக வாசியுங்கள். மற்றவர்களுக்கு இது வரலாறு. அதுவும் சுவையான வரலாறுதான்.

நம் நாட்டில் இன்றும் ஓடும் ஒரு மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். எஞ்சினை இரண்டு மூன்று தடவையாவது இறக்கி ஏற்றியிருப்பார்கள். துருப்பிடித்த இடங்களை வெட்டி, புதுத் தகரம் ஒட்டி, பெயின்ட் அடித்திருப்பார்கள். சீட் புதிதாகத் தைத்தது. டயரைச் சொல்லத் தேவையில்லை. கை மாறிய ஒவ்வொரு சொந்தக்காரரும் தன் காலத்தில் ஏதோ ஒன்றைப் புதுப்பித்திருப்பார்.

இப்போது டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். சில கார்களில் பருத்தி நூல் பின்னிய பழைய வயர் இன்னும் கையில் படும். வளைத்தால் உள்ளே இருக்கும் இறப்பர் பொடியாக உதிரும். அதன்மேல் கறுப்பு டேப். அந்த டேப்புக்கு மேல் இன்னொரு காலத்து டேப்.

கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் நாம் புதுப்பித்தோம். கண்ணுக்குத் தெரியாத வயருக்கு மட்டும் ஒட்டுப் போட்டோம். இது எப்படி நடந்தது, அதனால் என்ன ஆபத்து என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

*மண்ணெண்ணெய் வண்டியிலிருந்து*

முதற்காலத்துக் கார்களில் வயர் என்று சொல்ல அதிகம் இருக்கவில்லை. எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்தார்கள். அந்தக் கைப்பிடி சில நேரம் திருப்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும். முன்விளக்கு அசெற்றிலீன் வாயுவில் எரிந்தது. கல்சியம் காபைட்டின் மீது தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, கிளம்பும் வாயுவைத் தீக்குச்சியால் கொளுத்த வேண்டும். மழையும் காற்றும் அடிக்கும் இரவில் அந்த வேலையைக் கற்பனை செய்து பாருங்கள்.

இதை மாற்றியவர் அமெரிக்கரான சார்ள்ஸ் கெட்டரிங். அவருடைய டெல்கோ நிறுவனம் செய்த மின்சார ஸ்டார்டர் 1912ஆம் ஆண்டின் கெடிலாக் காரில் வந்தது. ஸ்டார்ட் செய்வது, எஞ்சினில் தீப்பொறி உண்டாக்குவது, விளக்கெரிப்பது ஆகிய மூன்றையும் ஒரே மின்சார அமைப்பு பார்த்துக்கொண்டது. பெட்டரி, அதைச் சார்ஜ் செய்ய டைனமோ, இவற்றையெல்லாம் இணைக்க வயர்கள். கார் என்ற யந்திரத்துக்குள் நரம்பு ஓடத் தொடங்கியது அப்போதுதான்.

நம் நாட்டுக்கு வந்த கார்களில் பெரும்பாலானவை பிரிட்டனிலிருந்து வந்தவை என்பதால், நமக்கு முக்கியமான பெயர் லூகாஸ்.

ஜோசப் லூகாஸ் 1834இல் பேர்மிங்ஹாமில் பிறந்தவர். தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றுப் பிழைத்தவர். மண்ணெண்ணெய் விற்றவர் விளக்கும் செய்ய ஆரம்பித்தார். முதலில் கப்பல் விளக்கு, 1879இல் ‘வீதியின் அரசன்’ என்று பெயர் வைத்த சைக்கிள் விளக்கு. அவர் 1902இல் இறந்த பின்னரும் கம்பனி வளர்ந்தது. 1914இல் மொரிஸ் கார்களுக்கு மின்சாதனங்கள் கொடுக்க ஆரம்பித்தது. 1926இல் தனக்குப் போட்டியாக இருந்த ரோட்டக்ஸ், சி.ஏ.வி. என்ற இரண்டு நிறுவனங்களையும் வாங்கியது. அதன் பிறகு பிரித்தானியக் கார் ஒன்றின் பொனட்டைத் திறந்தால், டைனமோ, ரெகுலேட்டர், சுவிட்ச், விளக்கு என்று எங்கு பார்த்தாலும் லூகாஸ். அந்த ஆதிக்கம் எந்த அளவுக்கு இருந்ததென்றால், பிரிட்டனின் ஏகபோகங்கள் ஆணைக்குழு வாகன மின்சாதன வழங்கலை ஆராய்ந்து 1963இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது.

பழைய கார்ப் பிரியர்கள் மத்தியில் லூகாஸுக்குப் பட்டப்பெயர் ‘இருளின் இளவரசன்’. லூகாஸ் சுவிட்சுக்கு மூன்று நிலை உண்டாம்: மங்கல், மினுக்கல், அணைதல். இன்னொரு பகிடியும் சொல்வார்கள். வயருக்குள் ஓடுவது மின்சாரம் இல்லையாம், புகையாம். புகை வெளியே வந்துவிட்டால் சாமான் வேலை செய்யாதாம்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அவ்வளவு மோசமான சாமான் என்றால் அது அறுபது வருடம் எப்படி உழைத்தது? அந்த வயரிங் அது உருவான காலத்துக்குச் சரியான வயரிங்தான். அதைச் செய்தவர்கள் அது எத்தனை காலம் ஓடும் என்று நினைத்தார்களோ, அதைவிடப் பல மடங்கு காலம் நாம் ஓட்டுகிறோம். அவர்கள் நினைத்த சுமையைவிட அதிக சுமையும் ஏற்றுகிறோம்.

*இரண்டே இரண்டு*

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் இதுதான். 1971இல் உற்பத்தி நின்றது.

பாடப்புத்தகத்தில் ‘உருகி’ என்று படித்திருப்பீர்கள். கராஜில் பியூஸ். இன்றைய சிறிய ஜப்பான் கார் ஒன்றில் பியூஸ் பெட்டியைத் திறந்தால் நிறம் நிறமாகப் பல டசின் இருக்கும். மைனரில் வேலை செய்யும் பியூஸ்கள் இரண்டு. பிந்திய மைனர்களின் சின்னப் பெட்டியில் நான்கு கண்ணாடிக் குழாய்கள் தெரியும். அவற்றில் இரண்டு மேலதிகமாக வைத்திருப்பவை.

ஒரு பியூஸ் ஹோர்ன் போன்ற, சாவி போடாமலே வேலை செய்யும் சாமான்களுக்கு. மற்றது வைப்பர், பிரேக் லைட், பெற்றோல் மானி போன்ற, சாவி போட்டால் வேலை செய்பவற்றுக்கு. ஹெட்லைட்டுக்குப் பியூஸ் இல்லை. எஞ்சினின் தீப்பொறிக்குப் போகும் வயருக்கு இல்லை. டைனமோ சார்ஜ் செய்யும் வயருக்கும் இல்லை. பெட்டரியிலிருந்து நேராக வரும் பழுப்பு நிற வயர், காரைப் பூட்டிவிட்டு நீங்கள் தூங்கும்போதும் உயிரோடு இருக்கிறது. அதற்கும் எந்தக் காவலும் இல்லை.

இதற்குக் காரணமும் உண்டு. அந்தக் காலத்துக் காரில் மின்சாரத்தால் வேலை செய்பவை மிகக் குறைவு. இரவில் ஓடும்போது பியூஸ் எரிந்து இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்தால் அது தீயைவிடப் பெரிய ஆபத்து என்ற வாதமும் இருந்தது. வயர் புதிதாக இருக்கும்வரை அந்த வாதத்தைப் பிழை என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருளும் இருந்தது. பழுப்பு என்றால் பெட்டரியிலிருந்து நேராக. வெள்ளை என்றால் சாவிக்குப் பிறகு. பச்சை என்றால் சாவிக்கும் பியூஸுக்கும் பிறகு. நீலம் ஹெட்லைட், சிவப்பு சைட் லைட், கறுப்பு எர்த். இந்த மொழியைத் தெரிந்தவர் இருட்டிலும் காரை வாசித்துவிடுவார். நம் கார்களில் அந்த மொழி எப்போதோ அழிந்துவிட்டது. பருத்தி நூலின் சாயம் வெளுத்தது. அறுந்த இடத்தில் கைக்குக் கிடைத்த நிறத்து வயரைப் போட்டு முடிந்தார்கள். இப்போது எது எங்கே போகிறது என்று கடைசியாகக் கைவைத்த பாஸுக்கு மட்டும்தான் தெரியும். அவரும் அதை எழுதி வைத்திருக்க மாட்டார்.

*பியூஸில் பொறித்த 35*

இந்த ஒரு விடயத்தையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய லூகாஸ் பியூஸில் 35 அம்பியர் என்று பொறித்திருக்கும். 35 என்பது அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதி, ஏறத்தாழ 17 அம்பியர்தான்.

இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான பியூஸ்களில் எழுதியிருக்கும் எண் வேறு முறையில் கணக்கிட்டது. அதில் 35 என்றால் 35 அம்பியர் வரை சும்மா போகவிடும். எரிவதற்கு அதைவிட இன்னும் கூட வேண்டும்.

பழையதில் 35 என்று இருந்தது, புதியதிலும் 35 என்று இருக்கிறது, சரிதானே என்று மாட்டிவிடுவோம். காவல்காரனை மாற்றிவிட்டு, அவனைவிட இரண்டு மடங்கு தூங்கும் ஒருவனை வாசலில் நிறுத்திய கதை அது. 17 அம்பியருக்கு மேல் போகக்கூடாத வயரில் 30 அம்பியர் ஓடினாலும் அந்தப் பியூஸ் அசையாது. வயர்தான் பியூஸாக எரியும். பியூஸ் கிடைக்காத நேரம் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளைச் சுற்றி மாட்டும் வழக்கத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காரில் பியூஸே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

*நாம் மட்டும் ஏன் இவ்வளவு காலம்?*

இங்கிலாந்தில் ஒரு சாதாரண மைனர் சில வருடங்கள் ஓடி, துருப்பிடித்து, உடைப்பவர்களிடம் போனது. வயர் கிழடாவதற்கு முன்பே கார் செத்துவிட்டது. ஆகவே அங்கே பெரும்பாலான கார்களுக்கு இந்தப் பிரச்சினை வர வாய்ப்பே இருக்கவில்லை.

இங்கே கதை வேறு. 1960களில் அந்நியச் செலாவணி தட்டுப்பாடு வந்து கார் இறக்குமதி இறுகியது. 1970 முதல் 1977 வரை கதவு ஏறக்குறைய சாத்தியே இருந்தது. புதுக் கார் கிடைக்காது. உதிரிப்பாகமும் கிடைக்காது. இருப்பதைத்தான் ஓட்ட வேண்டும். அந்த வருடங்களில்தான் நமது கராஜ்காரர்களின் கைத்திறன் வளர்ந்தது. இல்லாத பாகத்தைக் கடைந்தெடுத்தார்கள், வேறு காரின் பாகத்தைத் தேய்த்துப் பொருத்தினார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்து ஜப்பான் கார்கள் வந்த பிறகும் அந்தத் திறமை அழியவில்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையம் ஒன்று இலங்கையரோடு கைகோத்தது. இங்கே செய்த மைனர் தகரப் பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின. மைனரைப் பெற்ற நாட்டுக்கு மைனரின் உடம்பை நாம் செய்து அனுப்பினோம். பெருமைப்படத்தக்க வரலாறு.

வயர் விடயத்தில் அதே தட்டுப்பாடு எதிர்மாறாக வேலை செய்தது. முழு வயர்க் கட்டையும் கழற்றிப் புதிதாகப் போட வயர் வேண்டும், சரியான முனைகள் வேண்டும், வரைபடம் வேண்டும், பல நாள் வேலை வேண்டும். எதுவும் இல்லாத காலத்தில் அறுந்த இடத்தை மட்டும் முடிவதே புத்திசாலித்தனம். முறுக்கி, டேப் சுற்றி, கார் ஓட ஆரம்பித்தால் போதும். நெருக்கடிக் காலத்தில் கற்ற அந்த வழக்கம், நெருக்கடி முடிந்த பிறகும் தொழில்முறையாக நின்றுவிட்டது. குருவிடமிருந்து சீடனுக்குப் போனது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. ஐந்து வருடம். இம்முறை அந்தப் பட்டியலில் சேர்ந்தவை எண்பதுகளின் பெட்டி லான்சர்கள், டீஎக்ஸ் வேகன்கள், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றும் டொல்பின் வேன்கள். வரலாற்றுப் பாடத்தில் ‘காரணம், விளைவு’ என்று இரண்டு நிரல் போட்டு எழுதச் சொல்வோமே, அதில் இதையும் எழுதலாம். காரணம்: டொலர் தட்டுப்பாடு. விளைவு: உங்கள் காலடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே, நாற்பது வருட வயர்.

*வயருக்கும் வயது உண்டு*

செம்புக்கு வயதாவது மெதுவாகத்தான். சீக்கிரம் கிழடாவது அதைச் சுற்றியிருக்கும் காவலி. 1950களின் போக்கில் பிளாஸ்டிக் உறை வரும்வரை, கார் வயர் என்பது செம்பின் மேல் இறப்பர், இறப்பரின் மேல் பருத்திப் பின்னல். எஞ்சின் சூடும் எண்ணெயும் காற்றும் பட்டுப் பட்டு இறப்பர் இறுகி வெடிக்கும். பின்னல்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும். பார்த்தால் வயர் நல்லது போலத் தெரியும். வளைத்தால்தான் உண்மை தெரியும். பிறகு வந்த பிளாஸ்டிக் உறையும் நிரந்தரமில்லை. அதை மென்மையாக வைத்திருக்கும் பொருள் மெல்ல மெல்ல வெளியேற, அதுவும் விறைத்து உடையும்.

உறை போன வயர் காரின் தகரத்தில் பட்டால் ஷோர்ட். பெட்டரி ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான அம்பியர் தள்ளும். பியூஸ் இல்லாத பழுப்பு வயராக இருந்தால் அது பழுக்கச் சிவந்து, தன்னோடு கட்டியிருக்கும் மற்ற வயர்களையும் உருக்கும். இதை எல்லோரும் அறிவார்கள்.

குறைவாக அறிந்த ஆபத்து ஒன்று இருக்கிறது. அது தளர்ந்த, களிம்பு பிடித்த இணைப்பு. கடலோர ஊர்க்காரர்களான நமக்கு இது இன்னும் முக்கியம். உப்புக் காற்றில் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். அந்தக் களிம்பு மின்னோட்டத்துக்குத் தடை. ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருக்கிறது, அதனூடாக 10 அம்பியர் போகிறது என்று வையுங்கள். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 10 வாட். சாதாரணதரத்துப் பிள்ளைகள் ஒரு வரியில் செய்யும் கணக்கு. 10 வாட் சிறிய எண்தான். ஆனால் ஈயம் உருக்கும் சிறிய சோல்டரிங் அயனே 25 வாட் அளவில்தான் வேலை செய்கிறது. கடலைக் கொட்டை அளவான இணைப்பொன்றில், துணி டேப்புக்கு உள்ளே, மணிக்கணக்காக 10 வாட் சூடு என்றால் யோசித்துப் பாருங்கள்.

இதில் பியூஸால் உதவி செய்ய முடியாது. பியூஸ் அறிந்தது ஒன்றே ஒன்று, அளவுக்கு மீறிய மின்னோட்டம். இணைப்பு கெட்டால் தடை கூடும், மின்னோட்டம் சற்றுக் குறையும். பியூஸ் பார்வையில் எல்லாம் நலம். இணைப்பு கருகிக்கொண்டிருக்கும்.

*நாம் ஏற்றிய சுமை*

ஐம்பதுகளின் ஹெட்லைட் பல்ப் ஒன்று 42 வாட். இரண்டுக்கும் 84 வாட். 12 வோல்ட்டில் 7 அம்பியர். வெளிச்சம் போதாது என்று 60 வாட் ஹலஜன் போடுகிறோம். 10 அம்பியர். மின்னோட்டம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, ஆனால் அதே பழைய சுவிட்சிலும் இணைப்பிலும் பிறக்கும் சூடு இரண்டு மடங்கு. 100 வாட் பல்ப் போட்டால் 16 அம்பியருக்கு மேல், சூடு ஐந்து மடங்குக்கு மேல். இவ்வளவும் பியூஸ் இல்லாத பாதையில்.

மைனரின் டைனமோ அதிகபட்சம் 22 அம்பியர் அளவில்தான் தரும். அதில் செட், எம்ப்ளிபயர், போன் சார்ஜர், அலாரம் எல்லாம் தொங்கும். ஒவ்வொன்றும் வசதியான இடத்தில், அதாவது எப்போதும் மின் இருக்கும் பழுப்பு வயரில், கிள்ளி எடுத்தது. சில நேரம் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி வயரில். கார் ஆடும் வாகனம். பல இழை வயர் அந்த ஆட்டத்தைத் தாங்கும், ஒற்றைக் கம்பி ஒருநாள் உள்ளுக்குள் முறியும்.

பழைய பிரித்தானியக் கார்களில் இன்னொரு பொறியும் உண்டு. 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை அவற்றில் பெட்டரியின் நேர் முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய வாகனங்களில் மறை முனை. இது தெரியாமல் புதிய செட்டை மாட்டினால் புகை. பக்கத்துக் காரிலிருந்து வழக்கம்போல ஜம்ப் வயர் போட்டாலும் அப்படித்தான்.

ஜேர்மன் கார் என்று வொக்ஸ்வேகன் பீட்டில்காரர்கள் நிம்மதியாக இருக்க வேண்டாம். அதன் பெட்டரி பின் சீட்டுக்கு அடியில். சீட்டுக்குள் இரும்புச் சுருள், சுருளைச் சுற்றிக் காய்ந்த நார். பெட்டரிக்கு மேல் ஒரு மூடி இருக்க வேண்டும். அது தொலைந்து, பாரமான இருவர் பின்னால் உட்கார்ந்தால், சுருள் பெட்டரி முனையைத் தொட்டு நார் பற்றிக்கொள்ளும். பீட்டில் உலகத்தில் பிரசித்தமான தீ இது. ஒரு துண்டு மூடியின் விலைதான் வித்தியாசம்.

*கல்யாணக் கார்*

பழைய கார் இன்று அதிகம் வெளியே வருவது கல்யாணங்களுக்கு. மாதக்கணக்கில் கராஜில் நிற்கும். எலி வயரைக் கடிக்கும். இணைப்புகளில் களிம்பு ஏறும். பெற்றோல் ஹோஸ் காய்ந்து வெடிக்கும். பிறகு ஒருநாள் கழுவி, மினுக்கி, பூக்கட்டி, மின்விளக்குச் சரமும் சுற்றி, மணமக்களைப் பின்னால் ஏற்றுவோம். மண்டபத்து நெரிசலில் நடைவேகத்தில் ஊர்வலம். எஞ்சின் சூடு உச்சத்தில். ஹெட்லைட் எரிகிறது, ஹோர்ன் ஓயாமல் அடிக்கிறது. அந்தக் கார் ஒரு வருடத்தில் சந்திக்கும் மிகப் பாரமான மின்சுமை, உள்ளே மிகப் பெறுமதியான உயிர்கள் இருக்கும் அந்த அரை மணித்தியாலத்தில்தான் வருகிறது.

மைனரில் பெற்றோலை இழுப்பதும் மின்சாரப் பம்ப். சாவி ஓனில் இருக்கும்வரை, ஹோஸ் வெடித்திருந்தாலும் அது டிக் டிக் என்று பெற்றோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பட்டுப் புடவையும் நீண்ட ஆடையுமாக இருக்கும் மணமகள் இரண்டு கதவுக் கார் ஒன்றின் பின் சீட்டிலிருந்து எத்தனை நொடியில் இறங்குவார் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

பயமுறுத்த எழுதவில்லை. இவை அனைத்தும் ஒரு நல்ல எலெக்ட்ரிக் பாஸால் திருத்தக்கூடியவை.

*என்ன செய்யலாம்?*

1. ஒரு மாலை ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுக் கால் மணித்தியாலம் பொறுங்கள். பிறகு சுவிட்சையும் இணைப்புகளையும் தொட்டுப் பாருங்கள். சுடும் இடம்தான் நோய் உள்ள இடம். மல்டிமீட்டர் இருந்தால் பெட்டரியிலும் பல்ப்பிலும் வோல்ட்டை அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ சூடு பிறக்கிறது.

2. பெட்டரிக்கு ஒரு கட்-ஓஃப் சுவிட்ச் போடுங்கள். நிறுத்தும்போது திருகிவிட்டால், தூங்கும்போது பழுப்பு வயரும் தூங்கும். மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு இதுதான்.

3. ஸ்டார்டருக்குப் போகும் தடித்த கேபிளை விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பிரதான பியூஸ். அளவை வயரின் தடிப்பைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும், கடையில் இருப்பதைப் பார்த்து இல்லை. ஹெட்லைட்டுக்கு இடம், வலம் வேறு வேறு பியூஸ். அப்போது ஒன்று எரிந்தாலும் மற்ற விளக்கு இருக்கும். ஹெட்லைட்டின் சுமையைப் பழைய சுவிட்சிலிருந்து ரிலேக்கு மாற்றுங்கள்.

4. பருத்தி வயர் இருந்தால் ஒட்டுப் போடாதீர்கள். முழுக் கட்டையும் மாற்றுங்கள். பழைய தோற்றம் வேண்டும் என்பவர்களுக்கு, உள்ளே நவீன வயரும் வெளியே பருத்திப் பின்னலும் கொண்ட கட்டுகள் இங்கிலாந்தில் இன்றும் செய்கிறார்கள். இங்கேயே செய்விப்பதென்றால், பழைய நிற முறையையே பின்பற்றச் சொல்லுங்கள். ஒரு வரைபடம் கீறி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறை உங்களுக்கு நன்றி சொல்லும்.

5. பெற்றோல் ஹோஸையும் அதே நாளில் மாற்றுங்கள். வயர் பொறியைத் தரும், பெற்றோல் தீயைத் தரும். ஒன்றை மட்டும் திருத்துவது பாதி வேலை.

6. சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் தூள் வகைத் தீயணைப்புக் குழாய் ஒன்று. பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. புகை வந்தால் முதலில் சாவியை ஓஃப் செய்யுங்கள், ஆட்களை இறக்குங்கள். பொனட்டை முழுதாகத் திறக்க வேண்டாம், காற்றுப் பட்டால் தீ பெருகும்.

கல்யாணத்துக்குக் கார் பேசப் போகிறவர்கள், வாடகை எவ்வளவு, பூ யாருடையது என்று கேட்கும்போதே ‘வயரிங் எப்போது மாற்றினீர்கள், தீயணைப்புக் குழாய் இருக்கிறதா?’ என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் கார்க்காரர்கள் தானாகவே போட்டுவைப்பார்கள்.

பழைய கார்களைக் கைவிடச் சொல்லி நான் எழுதவில்லை. கதவு சாத்தியிருந்த காலத்தில் கையில் இருந்ததைக் கொண்டு ஒரு சமூகம் எப்படிச் சமாளித்தது என்பதற்கு அவை ஓடும் சாட்சிகள். நூதனசாலையில் வைப்பதைவிட வீதியில் ஓடுவதே அவற்றுக்கு மரியாதை. ஆனால் அந்தக் காலத்து நெருக்கடி வைத்தியத்தை இன்றும் தொடர நமக்குக் காரணமில்லை. நல்ல வயர் கடையில் கிடைக்கிறது. பியூஸ் கிடைக்கிறது. ரிலே கிடைக்கிறது.

அடுத்த முறை உங்கள் காரைப் பார்த்து யாராவது ‘என்ன மினுக்கம் நானா!’ என்று சொன்னால், பொனட்டைத் திறந்து பியூஸ் பெட்டியையும் காட்டுங்கள். அதைக் காட்ட முடிந்தால்தான் கார் உண்மையில் புதுப்பித்தது.

உங்கள் வீட்டில் ஓடிய, ஓடுகிற பழைய காரின் கதையையும், அதன் வயரிங்கில் கைவைத்த பாஸ்மாரின் கதையையும் கீழே எழுதுங்கள். கராஜ் வைத்திருக்கும் நண்பர்கள் நான் விட்டதைச் சேர்த்தால் எல்லோருக்கும் பயன்படும்.